வலைக்கண்ணும் குளிர்காய்ச்சலும்

ராமேசுவரம் தீவிலுள்ள தங்கச்சிமடத்தில் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். சின்னவன் இரண்டு போர்வையைப் போர்த்திக்கொண்டு, பல் கிட்டித்துக் கிடந்தான். ஒரே வருஷத்தில் மூன்றாவது தடவையாக மலேரியா. மூத்தவன் வாசலில் உட்கார்ந்து கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்தான். அவனுக்கு ஒரு குறையும் இல்லை.

"ரெண்டும் ஒரே வயித்துல பொறந்ததுதானேப்பா," என்றார் சித்தி. "ஒரே போட்டுல போறானுங்க, ஒரே வாடியில படுக்குறானுங்க, ஒரே கொசுதான் கடிக்குது. இவனுக்கு மட்டும் ஏன் வந்துகிட்டே இருக்கு? எதிர்ப்புச் சக்தி கம்மின்னு சொல்லி மருந்துக்கடையில டானிக் குடுத்தாங்க. அதையும் குடிச்சு முடிச்சாச்சு."

கல்லூரியில் உயிரியல் சொல்லிக்கொடுப்பவன் என்பதால் என்னிடம் பதில் இருக்கும் என்று அவருக்கு நம்பிக்கை. அன்று நான் சொன்னது அவருக்குப் புரியவில்லை. ஏற்பி, புரதம், மரபணு என்று வகுப்பில் பேசுவதை அப்படியே பேசிவிட்டேன். அதையே இப்போது கொஞ்சம் ஒழுங்காகச் சொல்லிப் பார்க்கிறேன்.

முதல் சிக்கல் அந்த 'எதிர்ப்புச் சக்தி' என்ற சொல்லிலேயே இருக்கிறது. படகு டேங்கில் இருக்கும் டீசல் மாதிரி அதை நினைத்துக்கொள்கிறோம். நிறைய இருந்தால் நல்லது, குறைந்தால் ஊற்றிக்கொள்ளலாம். கொரோனா காலத்தில் இந்த நினைப்பு இன்னும் உறுதியாகிவிட்டது. உண்மையில் அதை வலையோடு ஒப்பிடுவதுதான் சரி. எங்கள் கரையில் யாரும் "எவ்வளவு வலை இருக்கு?" என்று மட்டும் கேட்டு நிறுத்துவதில்லை. "கண்ணு என்ன?", அதாவது வலையின் துளை எவ்வளவு பெரிது என்பதுதான் கேள்வி. சூடை என்ற சின்ன மீனுக்கான வலையின் கண் வேறு, நண்டு வலையின் கண் வேறு. சூடை வலையைப் போட்டுவிட்டுப் பெரிய மீன் சிக்கவில்லையே என்று கடலைத் திட்டுகிறவன் எவனும் இல்லை.

உடம்பின் செல்கள் ஒவ்வொன்றின் மேலும் இப்படிப்பட்ட கண்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அவற்றுக்குத்தான் ஏற்பி என்று பெயர். செல்லின் மேல்தோலில் பதிந்து, ஒரு முனை வெளியேயும் ஒரு முனை உள்ளேயும் நீட்டிக்கொண்டிருக்கும் புரதம் அது. வெளிமுனையில் அதன் வடிவத்துக்குப் பொருந்தும் பொருள் வந்து ஒட்டினால், உள்முனை செல்லுக்குச் சேதி சொல்லும். பொருந்தாதது உரசிக்கொண்டு போனாலும் செல்லுக்குத் தெரியாது. வெள்ளையணுக்கள் நோய்க்கிருமியை அடையாளம் காண்பது, விழுங்குவது, மற்ற அணுக்களைக் கூப்பிடுவது, போதும் என்று நிறுத்துவது எல்லாமே ஏற்பிகளின் வழியாகத்தான் நடக்கிறது.

இந்த ஏற்பிகளைச் செய்யும் குறிப்பு மரபணுவில் இருக்கிறது. அதில் ஓர் எழுத்து மாறினாலும் கண்ணின் வடிவம் கொஞ்சம் மாறலாம். அண்ணன் தம்பிக்குள்ளேயே மாறலாம், ஏனென்றால் அப்பாவிடமிருந்து ஒரு பாதி, அம்மாவிடமிருந்து ஒரு பாதி என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் வேறு சீட்டுகள் விழுகின்றன. சித்தி கேட்ட 'ஒரே வயிறு' கேள்விக்கு முதல் பதில் இது.

ராமேசுவரம் தீவு, பாம்பன், மண்டபம் பக்கமெல்லாம் மலேரியா பழைய விருந்தாளி. கடற்கரைதானே, உப்புத் தண்ணீரில் கொசு எப்படி என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். இங்கே மணலைக் கொஞ்சம் தோண்டினாலே நல்ல தண்ணீர் ஊறும். சவுக்குக் கன்றுக்கு ஊற்றத் தோண்டிய குழி, மூடாத கிணறு, வீட்டுத் தொட்டி, இந்தத் தெளிந்த தண்ணீர்தான் அனாபிலிஸ் கொசுவுக்குப் பிடித்தது. கடித்தால் வருவது பெரும்பாலும் வைவாக்ஸ் என்ற வகை. ஆளைக் கொல்வது அரிது, ஆனால் விடாது.

வைவாக்ஸ் ஒட்டுண்ணி கல்லீரலில் பெருகி, பிறகு ரத்தத்துக்கு வந்து சிவப்பணுவுக்குள் நுழையும். நுழைய அதற்கு ஒரு பிடிமானம் வேண்டும். அந்தப் பிடிமானத்தின் கதைதான் இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்தது.

1950இல் இங்கிலாந்தில், ரத்தம் உறையாத நோயால் பலமுறை ரத்தம் ஏற்றிக்கொண்ட ஒரு நோயாளியிடம் புதிதாக ஒரு ரத்த வகையைக் கண்டார்கள். அவர் பெயரையே வைத்து அதை டஃபி என்றார்கள். ஏ, பி, ஓ போல இதுவும் ஒரு வகைப்பாடு, அவ்வளவுதான் என்று இருந்தது. வேறொரு பக்கம் ஒரு பழைய புதிர். மூளையைத் தாக்கிய சிபிலிஸ் நோய்க்கு ஒருகாலத்தில் வேண்டுமென்றே மலேரியாவைக் கொடுத்துக் காய்ச்சல் வரவழைத்து வைத்தியம் பார்த்தார்கள். பைத்தியக்காரத்தனம் போலத் தோன்றும், ஆனால் அதற்கு 1927இல் நோபல் பரிசே கொடுத்தார்கள். அமெரிக்காவில் இந்த வைத்தியம் செய்தபோது, ஆப்பிரிக்க வம்சாவளியினர் பலருக்கு வைவாக்ஸ் ஒட்டவே மாட்டேன் என்றது. ஊசி போட்டாலும் காய்ச்சல் வரவில்லை.

1976இல் அமெரிக்க ஆய்வாளர் லூயி மில்லர் குழுவினர் இரண்டையும் இணைத்தார்கள். தாங்களாக முன்வந்த சிலரை வைவாக்ஸ் சுமந்த கொசுக்களிடம் கடிபட வைத்தபோது, சிவப்பணுவில் டஃபி இல்லாதவர்களுக்கு நோய் வரவில்லை. டஃபி இருந்தவர்களுக்கு வந்தது. மேற்கு ஆப்பிரிக்காவில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் சிவப்பணுவில் டஃபி இல்லை. அங்கே வைவாக்ஸ் அரிதாக இருப்பதற்கு அதுவே காரணம்.

சரி, அந்த டஃபி உடம்பில் என்ன வேலை பார்க்கிறது? மலேரியாவுக்குக் கதவு திறக்கவா அதைப் படைத்தார்கள்? 1993இல்தான் தெரிந்தது, அது வெள்ளையணுக்களைக் கூப்பிடும் சேதிப் பொருள்களைப் பிடிக்கிற ஏற்பி. காயம் பட்ட இடத்திலிருந்து 'இங்கே வா' என்று வெள்ளையணுக்களை அழைக்க உடம்பு வெளியிடும் வேதிப்பொருள்கள் உண்டு. அவை ரத்தத்தில் அளவுக்கு மீறித் திரியாமல் சிவப்பணுக்கள் டஃபி மூலம் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ஆக, நோய் எதிர்ப்பு ஏற்பாட்டுக்கே சொந்தமான ஓர் ஏற்பியைத்தான் ஒட்டுண்ணி தன் ஏணியாக்கிக்கொண்டது.

டஃபி இல்லாதவர்கள் தப்பித்தார்கள் என்று மட்டும் எண்ண வேண்டாம். அவர்களுக்கு ரத்தத்தில் நியூட்ரோபில் என்ற வெள்ளையணு எண்ணிக்கை இயல்பாகவே குறைவாக இருக்கும். அதனால் அவர்கள் நோயாளிகள் அல்ல, அவர்களுடைய வழக்கமான அளவே அதுதான். ஆனாலும் விஷயம் தெரியாத மருத்துவர்கள் எண்ணிக்கையைப் பார்த்துப் பயந்து மருந்தை நிறுத்துவதுண்டு. இன்னொரு செய்தி: டஃபி இல்லாதவர்களிடமும் வைவாக்ஸ் நுழைந்திருப்பதை மடகாஸ்கரில் 2010இல் பதிவு செய்தார்கள். பூட்டிய கதவையும் சுரண்டிப் பார்க்கிற ஜாதி இது.

இந்தியாவில் டஃபி இல்லாதவர்கள் மிக மிகக் குறைவு. சித்தி வீட்டில் இரண்டு பேருக்கும் அது இருக்கும் என்று பரிசோதிக்காமலே பந்தயம் கட்டலாம். ஆனால் டஃபியிலேயே ஏ, பி என்று இரண்டு வடிவம் உண்டு. புரதச் சங்கிலியின் ஒரு கண்ணியான ஒரே ஓர் அமினோ அமிலம்தான் வித்தியாசம். பிரேசிலின் அமேசான் பகுதியில் நடந்த ஆய்வில், ஏ வடிவம் மட்டும் உள்ளவர்களுக்கு வைவாக்ஸ் காய்ச்சல் குறைவாக வந்தது. ஒட்டுண்ணியின் கை அந்த வடிவத்தில் கொஞ்சம் வழுக்குகிறது. கதவு இருக்கிறது, கைப்பிடியில் எண்ணெய் தடவியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு கைப்பிடியும் உண்டு. எலும்பு மஜ்ஜையிலிருந்து அப்போதுதான் வெளிவந்த இளம் சிவப்பணுக்கள் மேல் இரும்புச்சத்தை வாங்கிக்கொள்ளும் ஏற்பி இருக்கும். முதிர்ந்ததும் அது உதிர்ந்துவிடும். வைவாக்ஸ் அந்த ஏற்பியையும் பிடித்துக்கொண்டுதான் ஏறுகிறது என்று 2018இல் தெளிவானது. அதனால்தான் வைவாக்ஸ் இளம் அணுக்களை மட்டும் தேடுகிறது. கண்ணாடித் துண்டில் தடவிய ரத்தத்தில் ஒட்டுண்ணியைத் தேடும் ஆய்வக ஊழியர் கண் வலிக்கப் பார்க்க வேண்டியிருப்பதும், இளம் அணுக்கள் ரத்தத்தில் கொஞ்சமே இருப்பதால்தான்.

இது நுழைவு. இனி காய்ச்சல்.

சிவப்பணுக்குள் பெருகிய ஒட்டுண்ணிகள் 48 மணி நேரத்துக்கு ஒருமுறை அணுவை வெடித்துக்கொண்டு கூட்டமாக வெளியே வருகின்றன. அப்போதுதான் ஒருநாள் விட்டு ஒருநாள் அந்த நடுக்கம். நம் பெரியவர்கள் முறைக்காய்ச்சல் என்று சொன்னது இதைத்தான். நடுக்கத்தை உண்டாக்குவது ஒட்டுண்ணி அல்ல என்றால் சித்தி நம்ப மாட்டார். ஆனால் அதுதான் உண்மை. வெடித்த அணுவிலிருந்து சிதறும் குப்பையை வெள்ளையணுக்களின் ஏற்பிகள் அடையாளம் கண்டு, அபாயச் சங்கு ஊதுகின்றன. காய்ச்சல் அந்தச் சங்கின் சத்தம்.

சங்கு ஊதும் ஏற்பிகளில் முக்கியமானவை டோல் வகை. பழ ஈயிடம் முதலில் கண்டுபிடித்த ஒரு மரபணுவின் பெயர் அது. ஜெர்மன் மொழியில் 'அட, பிரமாதம்' என்கிற மாதிரி ஒரு சொல். அந்த மரபணு இல்லாத ஈயின் உடம்பெல்லாம் பூஞ்சை பூத்துச் செத்துப்போவதை 1996இல் ழூல் ஹாஃப்மன் குழுவினர் காட்டினார்கள். பாலூட்டிகளிலும் அதன் உறவு ஏற்பிதான் பாக்டீரியாவை உணர்கிறது என்று 1998இல் புரூஸ் பியூட்லர் காட்டினார். 2011 நோபல் பரிசில் இவர்கள் இருவருக்கும் பங்கு உண்டு. மனிதர்களுக்கு இந்த வகையில் பத்து ஏற்பிகள் வேலை செய்கின்றன. மலேரியா ஒட்டுண்ணியின் மேல்பூச்சை ஒன்று உணரும், அதன் டிஎன்ஏவை இன்னொன்று உணரும்.

இந்தக் கண்கள் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்பதற்கு நம் மீன் இறங்குதளத்துப் பூனைகளை வைத்து ஓர் உதாரணம் சொல்லலாம். பூனைக் குடலில் மட்டுமே ஆண் பெண் சேர்ந்து பெருகும் டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி, பூனை மலம் கலந்த மண் வழியாக எலிக்கும் போகும், மனிதருக்கும் வரும். சுண்டெலியிடம் டோல் 11, டோல் 12 என்று இரண்டு ஏற்பிகள் இந்த ஒட்டுண்ணியின் ஒரு புரதத்தை நேரடியாகப் பிடித்துச் சங்கு ஊதும். அவற்றை எடுத்துவிட்டால் எலியின் தடுப்பு சரிந்துவிடுகிறது. மனிதரிடம் டோல் 11 மரபணு உடைந்து கிடக்கிறது, பயனில்லை. டோல் 12 இல்லவே இல்லை. நாம் வேறு வழிகளில் சமாளிக்கிறோம், பெரும்பாலோருக்கு அந்த நோய் வந்ததே தெரியாது. கருவுற்ற பெண்களும் எதிர்ப்பு மிகவும் தளர்ந்தவர்களும்தான் கவனமாக இருக்க வேண்டும். எலியில் வேலை செய்தது மனிதருக்கும் வேலை செய்யும் என்று தினசரியில் வரும் செய்திகளைப் படிக்கும்போது இந்த உடைந்த மரபணுவை நான் நினைத்துக்கொள்வேன்.

அப்படியானால் சங்கு பலமாக ஊதினால் நல்லதுதானே? இங்கேதான் டானிக் கணக்கு முழுக்கத் தப்பாகிறது. வெள்ளையணுக்கள் மேல் முடுக்கும் ஏற்பிகள் மட்டும் இல்லை, பிரேக் பிடிக்கும் ஏற்பிகளும் உண்டு. அவற்றில் ஒன்று எஃப்சி காமா 2பி. சிலருக்கு இதில் ஓர் எழுத்து மாறி, பிரேக் சரியாகப் பிடிக்காது. பிரேக் தளர்ந்தால் விழுங்கும் அணுக்கள் மலேரியா ஒட்டுண்ணியை வேகமாக விழுங்கும். கென்யக் குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு 2010இல் வெளிவந்தது; அப்பா தந்தது, அம்மா தந்தது என்று இரண்டு பங்கும் மாறியிருந்த பிள்ளைகளுக்குக் கடுமையான மலேரியா குறைவாக வந்திருந்தது. ஆனால் அதே மாற்றம் உள்ளவர்களுக்கு லூபஸ் என்ற நோய் வரும் வாய்ப்பு கூடுகிறது. உடம்பு தன்னைத்தானே தாக்கிக்கொள்ளும் நோய் அது. மலேரியா வாட்டிய ஆப்பிரிக்காவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் இந்த மாற்றம் மற்ற இடங்களைவிட அதிகம். கொசுவிடம் தப்பித்த முன்னோர்கள் விட்டுப்போன சொத்தும் கடனும் ஒரே பத்திரத்தில் இருக்கின்றன.

பிரேக் இருக்கும் இடம் ஒட்டுண்ணிக்கும் தெரியும். ஃபால்சிபாரம் என்ற கொடிய மலேரியா வகை, தான் குடியிருக்கும் சிவப்பணுவின் மேல் ரிஃபின் என்ற புரதங்களை நீட்டிவைக்கிறது. அவற்றில் சில, வெள்ளையணுவின் பிரேக் ஏற்பி ஒன்றை நேராக மிதித்துவிடும். பக்கத்தில் வந்த வெள்ளையணு 'இது நம்ம ஆள்' என்று அடங்கிப்போகும். திருடன் போலீஸ்காரரின் விசிலையே வாங்கி ஊதுகிற மாதிரி.

அதற்கும் உடம்பு ஒரு பதில் வைத்திருக்கிறது. கென்யாவில் சிலருடைய ரத்தத்தில் விசித்திரமான எதிர்ப்புப் புரதங்களை 2016இல் கண்டார்கள். லேர்-1 என்பது நம் வெள்ளையணுக்களின் இன்னொரு பிரேக் ஏற்பி. அதன் மரபணு 19ஆம் குரோமோசோமில் இருக்கிறது. அதன் ஒரு துண்டு, 14ஆம் குரோமோசோமில் இருக்கும் எதிர்ப்புப் புரத மரபணுவுக்குள் வந்து செருகிக்கொண்டிருந்தது. ரிஃபின் எதைப் பிடிக்கத் தேடுமோ அதையே தூண்டிலில் இரையாகக் கோத்துவிட்ட மாதிரி. இதுவரை பார்க்காத ஒட்டுண்ணிக் குலங்களைக்கூட அந்தப் புரதங்கள் பிடித்தன. இதை முதன்முதலில் படித்த அன்று வகுப்பில் பாடத்திட்டத்தை விட்டுவிட்டு ஒரு மணி நேரம் இதையே பேசினேன். மாணவர்களுக்கு எவ்வளவு ஏறியதோ, தெரியாது.

புழுக்களின் கதை தனி. கொக்கிப் புழுவோ யானைக்கால் புழுவோ ஒரு வெள்ளையணு விழுங்க முடியாத அளவு பெரியவை. அங்கே உடம்பு ஐஜிஇ என்ற எதிர்ப்புப் புரதத்தையும், அதைப் பிடிக்கும் ஏற்பிகள் கொண்ட மாஸ்ட் செல்களையும், ஈசினோபில் என்ற வெள்ளையணுக்களையும் இறக்குகிறது. இதே கூட்டம்தான் தூசிக்குத் தும்மல் வரவைப்பதும். தமிழ்நாட்டுக் கடலோர மாவட்டங்கள் பலவற்றில் யானைக்கால் ஒழிப்புக்காக ராத்திரியில் வந்து ரத்தம் எடுத்ததைப் பெரியவர்கள் சொல்வார்கள். அந்தப் புழுவின் குஞ்சுகள் ராத்திரிதான் ரத்தத்துக்கு வரும். ஒருவருக்கு ரத்தமெல்லாம் புழுக்குஞ்சு, ஆனால் கால் சாதாரணம், வலி கிடையாது. இன்னொருவருக்கு ரத்தத்தில் ஒன்றையும் காணோம், கால் மட்டும் வீங்கிப் பருக்கிறது. மூன்றாமவருக்கு ராத்திரி முழுக்க வறட்டு இருமல், ஈசினோபில் எண்ணிக்கை தாறுமாறு; நுரையீரலில் சிக்கும் குஞ்சுகள் மேல் உடம்பு காட்டும் அளவு மீறிய கோபம் அது. ஒரே புழு, மூன்று விதமான பதில். மூன்று பேரில் யாருக்கு 'எதிர்ப்புச் சக்தி' அதிகம் என்று மருந்துக்கடையில் கேட்டால் என்ன சொல்வார்கள்?

ஏற்பி மட்டும்தான் எல்லாம் என்று நான் சொல்ல வரவில்லை. கொசுவலை, கிணற்றுக்கு மூடி, வாடியில் யார் எந்தப் பக்கம் படுக்கிறார்கள், முன்பு எத்தனை முறை நோய் வந்து உடம்பு பழகியிருக்கிறது என்று பல சேர்ந்துதான் ஒருவனுக்குக் காய்ச்சல் வருகிறது. ஒரு சொட்டு ரத்தத்தைப் பார்த்து 'இவனுக்கு இந்த ஏற்பியால்தான் வந்தது' என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆயிரக்கணக்கானவர்களைச் சேர்த்துப் பார்த்தால்தான் கண்ணின் அளவு புலப்படும்.

சின்னவனின் மூன்றாவது காய்ச்சலுக்கு ஏற்பியைவிட எளிய காரணம் ஒன்று இருந்தது. வைவாக்ஸ் ஒட்டுண்ணிகளில் சில கல்லீரலில் தூங்கிக் கிடக்கும், வாரங்கள் கழித்து, சில சமயம் மாதங்கள் கழித்து விழித்துக்கொள்ளும். குளோரோகுயின் மூன்று நாளில் ரத்தத்தைச் சுத்தம் செய்துவிடும், காய்ச்சல் நிற்கும். தூங்குகிறவற்றைக் கொல்லப் பிரைமாகுயின் 14 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ளவர்களுக்கு அந்த மாத்திரையே சிவப்பணுவை உடைக்கும் என்பதால் மருத்துவர் சொல்லாமல் எடுக்கவும் கூடாது. இரண்டு தடவையும் நான்காம் நாள் இவன் கடலுக்குப் போயிருக்கிறான். மாத்திரை வீட்டுப் பரணில் இருந்தது.

நான் அங்கே இருந்தபோதே சுகாதாரப் பணியாளர் ஒருவர் வந்தார். ஒரு வீட்டில் ஒருவருக்கு வந்தால் எல்லோருக்கும் ரத்தம் எடுப்பது வழக்கம். சித்திக்கு, எனக்கு, மூத்தவனுக்கு, மூவருக்கும் விரலில் குத்திக் கண்ணாடித் துண்டில் தடவிக்கொண்டு போனார். மூன்றாம் நாள் சேதி வந்தது. சித்திக்கு இல்லை, எனக்கு இல்லை. மூத்தவனுக்கு வைவாக்ஸ் இருக்கிறது.

"எனக்குத்தான் காய்ச்சலே இல்லையேண்ணே," என்றான், ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே. சித்தி அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு எழுந்துபோய்ப் பரணிலிருந்து மாத்திரை டப்பாவை எடுத்தார்.

"அது அவனுக்குக் குடுத்தது சித்தி," என்றேன். "இவனுக்கு வேற வாங்கணும். முதல்ல அந்த நொதியைப் பார்க்கச் சொல்லுவாங்க. வாங்க, மூணு பேருமா ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துடுவோம்."